பேர் இருக்கட்டும்

ஜனவரி 18, சனி

குணசீலன் வீட்டுப் பொங்கல் விருந்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வயிறு எரிகிறது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, காரணம் வேறு.

குணசீலனும் என் வீட்டுக்காரரும் இதே ஹூஸ்டனில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். அவர் எலும்பு டாக்டர், இவர் மயக்க மருந்து டாக்டர். அந்த மனுஷன் சர்க்கரைப் பொங்கல் பரிமாறுகிறேன் என்று கரண்டியோடு வந்து சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டார். இந்தக் குளிரில் யாராவது சட்டைக் கையை மடிப்பார்களா? எல்லாம் கையில் கிடந்த வாட்சைக் காட்டத்தான். நீல முகப்பு. இவர் ஆறு வருஷமாகக் காத்திருக்கிற அதே வாட்ச்.

வாட்ச் வாங்க எதுக்குக்கா காத்திருக்கணும் என்று கோவில்பட்டியிலிருந்து என் தம்பி ஒருமுறை போனில் கேட்டான். அவனுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இங்கே பணக்காரர்கள் கட்டுகிற வாட்சைக் காசைக் கொடுத்தால் மட்டும் தந்துவிட மாட்டார்கள். கடையில் பேரைப் பதிய வேண்டும். பிறகு அதே கடையில் வேண்டாத சாமான்களையெல்லாம் வாங்கி, நாம் நல்ல வாடிக்கையாளர் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என் காதில் கிடக்கிற வைரத் தோடு, அலமாரியில் தூங்கும் கைச்சங்கிலிகள், ஹாலில் நிற்கிற மேசைக் கடிகாரம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். என்றைக்காவது ஒருநாள் கடையிலிருந்து போன் வரும். போன் வந்தவர்கள் அதைப் பிள்ளை பிறந்த சேதி மாதிரி எல்லோருக்கும் சொல்லுவார்கள். எங்களுக்கு இரண்டு சேதியும் வரவில்லை.

குணசீலன் இவருக்கு ரொம்பப் பின்னால் பேர் பதிந்தவர். திரும்பி வரும்போது கேட்டேன். "உங்களுக்கு அப்புறம் பேர் குடுத்தவருக்கு எப்படிங்க முன்னால வந்துச்சு?"

இவர் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, "விடு செம்பா. அவன் கைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். சிரிப்பு வேறு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு சிக்னலைத் தாண்டிவிட்டேன். இப்போதெல்லாம் நான்தான் கார் ஓட்டுகிறேன்.

ஜனவரி 20, திங்கள்

ஸ்கேன். போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது என்றார்கள். அதன் பேரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. கணையத்தில் இருக்கிறது, செப்டம்பரில் கண்டுபிடித்தார்கள், அவ்வளவு போதும்.

யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுதான். இந்த வட்டாரத்தில் நோயாளி என்று தெரிந்தால் பூங்கொத்து அனுப்பிவிட்டு நகர்ந்துகொள்வார்கள். உடம்பு ஏன் இளைத்துவிட்டது என்று கேட்கிறவர்களிடம் டயட் என்று சொல்கிறோம். விருந்தில் இரண்டு பெண்கள் என்ன டயட் என்று என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று இவருக்குக் கொஞ்சம் தெம்பு. கிளப்புக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டோம். சூப்பில் பாதியை வைத்துவிட்டார்.

இந்தக் கிளப்பில் எங்களைச் சேர்த்ததே ஒரு வாட்ச்தான். மயக்க மருந்து கொடுக்கிறவரை நோயாளிக்கு ஞாபகம் இருக்காது. அறுத்துத் தைத்தவன் பேரைத்தான் ஊரெல்லாம் சொல்லுவார்கள். தூங்கவைத்து, மூச்சைக் காத்து, திரும்ப எழுப்பிக் கொடுத்தவர் யார் என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். ஒருநாள் ஒரு பெரிய எண்ணெய் முதலாளி ஏதோ விருந்தில் இவர் முகத்தைத் தாண்டி மணிக்கட்டைப் பார்த்து, "இந்த வாட்ச்! தூங்கறதுக்கு முன்னால கடைசியா நான் பாத்தது இதுதான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஆள்தான் கிளப்பில் இவர் பேரை முன்மொழிந்தது. இவருக்கு மார்ட்டி என்று பேர் வைத்ததும் அந்த ஆள்தான். அடுத்த மாதமே இன்னும் பெரிய வாட்சுக்குப் பேரைப் பதிந்துவிட்டார்.

கிளப்பில் எல்லாருக்கும் கண் முதலில் மணிக்கட்டுக்குத்தான் போகும், பிறகுதான் முகத்துக்கு. அதில் சேராதவள் எங்கள் பக்கத்து வீட்டு ஹாரியட் மட்டும். அவள் புருஷனுக்குப் பாதி மாவட்டம் சொந்தமாக இருந்ததாம். கிழவி கையில் மருந்துக்கடையில் விற்கிற பிளாஸ்டிக் வாட்ச். "பிராங்க் வாட்சே கட்டினதில்லை. மத்தவங்கதான் அவருக்காகக் காத்திருப்பாங்க" என்று இன்றும் ஒருதரம் சொல்லிவிட்டாள். மூன்று தலைமுறைப் பணம் இருந்தால் பிளாஸ்டிக் கட்டிக்கொண்டும் மிதப்பாக இருக்கலாம். நம்மைப் போல நேற்று வந்தவர்களுக்குத்தான் தங்கம் வேண்டியிருக்கிறது. அவள் பிளாஸ்டிக்கைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் 5, புதன்

மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். குணமாகி நிறுத்துவதில்லை.

மார்ச் 6, வியாழன்

வைரத் தோட்டைப் போட்டுக்கொண்டு, பட்டுச் சேலையும் கட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். இவரிடம் தமிழ்க்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஆறு வருஷமாக இவரைக் கவனிக்கிற பையன் கானர். பையன் என்ன, நாற்பது இருக்கும். சோபாவில் உட்காரவைத்துக் குமிழிவிடுகிற தண்ணீர் கொடுத்தான். டாக்டர் மார்ட்டி எப்படி இருக்கிறார் என்றான். கப்பலில் ஊர் சுற்றிவிட்டு வந்தோம், அமோகமாக இருக்கிறார் என்றேன். வேறு என்ன சொல்ல? நாளைக்கும் வந்து வாங்குகிறவனுக்குத்தான் இவர்கள் வாட்ச் தருவார்கள். நாளை இல்லாதவனுக்கு யார் தருவார்கள்?

"ஆறு வருஷம் ஆச்சு. பின்னால வந்தவங்கெல்லாம் கட்டிக்கிட்டுத் திரியறாங்க. எங்க வாட்ச் எப்ப?" என்று நேராகவே கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "டாக்டருக்கு இப்ப வேணுமாமா?"

"இப்பவே வேணும்."

"அவரே சொன்னாரா, மேடம்?"

"அவர் சொல்லித்தான் வந்தேன். எழுதிக்கோ."

என்ன திமிர் பார். ஆறு வருஷம் சாமான் வாங்கின வீட்டுக்காரியைச் சாட்சி கேட்கிறான். ஒரு முத்து மாலையை எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு முகம் மலர்ந்தது. விரைவில் கூப்பிடுவதாகச் சொல்லிக் கதவு வரை வந்தான்.

காரில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. இந்த வாட்சைக் கட்டி இவருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் இவர் ஆசைப்பட்ட ஒன்று கைக்கு வராமலே போய்விடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

ரசம் சாதம் நாலு வாய். துணி துவைத்தேன். இவருடைய பேன்ட்டுகளுக்கெல்லாம் இடுப்பைப் பிடித்துத் தைத்தேன்.

போன் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

போன் வந்துவிட்டது.

இவர் படுத்திருந்த அறைக்கு ஓடினேன். "என்னங்க, கானர் கூப்பிட்டான். வாட்ச் வந்துருச்சு. சனிக்கிழமை வரச் சொல்றான்."

சந்தோஷப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "இப்ப எதுக்குக் கூப்பிட்டான்?" என்றார்.

"எதுக்குன்னா? ஆறு வருஷமா எதுக்குக் காத்திருந்தீங்க?"

"அது சரி" என்றார். பிறகு, "வேண்டாம்னா நீ வருத்தப்படுவியோ?" என்று கேட்டார்.

வலி மருந்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போய்த்தான் ஆக வேண்டும் என்றேன். வாங்குகிறவரே நேரில் போக வேண்டும் என்பது அந்தக் கடைச் சட்டம். அவர் கையிலேயே கட்டி, மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை அங்கேயே உரித்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டு போய் வெளியில் லாபத்துக்கு விற்றுவிடக் கூடாதாம்.

ஏப்ரல் 5, சனி

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் இவரைக் குளிக்கவைத்து, சாம்பல் நிறக் கோட்டைப் போட்டு, உள்ளே ஒரு ஸ்வெட்டரையும் மாட்டி ஆளைப் பெரிதாக்கினேன். முகம் மஞ்சளாக இருந்தது. என் பவுடரைக் கொஞ்சம் பூசினேன். "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு யாரும் பவுடர் போடல" என்று சிரித்தார். சக்கர நாற்காலியைக் கடை வாசலில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே உள்ளே போனார். முழங்காலில் அடிபட்டிருக்கிறது என்று கானரிடம் சொன்னேன்.

கானர் நல்ல மாதிரி. எதுவும் கேட்கவில்லை. தட்டில் வெல்வெட்டு விரித்து வாட்சை வைத்தான். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். இவர் கையில் மாட்டினான். வளையல் மாதிரி முழங்கை வரை போய் நின்றது.

"சரி பண்ணிடலாம்" என்று சொல்லிச் சின்னத் திருப்புளியால் சங்கிலியில் ஒரு கண்ணியைக் கழற்றினான். மாட்டினான். இன்னொன்று. மறுபடி மாட்டினான். இன்னொன்று. வெல்வெட்டுத் துணியில் கண்ணிகள் சேர்ந்துகொண்டே போயின. இதற்கு மேல் கழற்ற முடியாது என்கிற இடம் வந்தபோது அவன் கை நின்றுவிட்டது. அப்போதுதான் அவன் இவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். என் பவுடர் ஒரு பக்கம் அழிந்திருந்தது.

"இப்படியே இருக்கட்டும் தம்பி. லூசாத்தான் கட்டுவேன்" என்று இவர் இங்கிலீஷில் சமாளித்தார்.

கானர் அந்த மெல்லிய தாளை ரொம்ப மெதுவாக உரித்தான். பிறகு கணினியைத் தட்டிவிட்டு, "பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுத்துட்டேன் டாக்டர். வாழ்த்துகள். ஒருவழியா மனசு வந்துச்சே" என்றான்.

"எடுத்தாச்சா?" என்று கேட்டார் இவர்.

காரில் ஏற்றி உட்காரவைத்தேன். மனசு வந்துச்சே என்றால் என்ன அர்த்தம், அவன் எதற்கு அப்படிச் சொன்னான் என்று கேட்டேன். கேட்டுத் தொலைத்தேன்.

"போன அக்டோபர்லயே கூப்பிட்டான் செம்பா. நான்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கச் சொன்னேன். என் பேரு மட்டும் அப்படியே இருக்கட்டும்னேன். ஜனவரிலயும் ஒருதரம் கூப்பிட்டான்."

"ஏங்க?"

"எல்லா ரிப்போர்ட்டுலயும் முடிஞ்சது முடிஞ்சதுன்னே போட்டிருக்கான். இந்த ஒரு எடத்துலதான் என் பேரைப் போட்டு, இனிமே வரும்னு எழுதியிருந்துச்சு. அதான், இருக்கட்டுமேன்னு."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். இவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார். வாட்ச் என் முதுகெலும்பில் இடித்தது. "உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லல. விடு" என்றார். இவருக்கு எல்லாவற்றுக்கும் விடு தான்.

கடைக்குப் போய்ச் சண்டை போட்டுக் கூப்பிடவைத்தது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்றார். புதன்கிழமை என் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டதாம். தெரிந்துதான் எனக்காகப் புறப்பட்டு வந்திருக்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாவி நான். பெரும் பாவி.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். ஒரு ஸ்பூன் நாக்கில் தடவினேன்.

வீட்டுக்கே நர்ஸ் வருகிறாள். ஹாலில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருக்கிறது. மேசைக் கடிகாரத்தை நகர்த்திவிட்டுத்தான் இடம் பண்ணினோம். இவர் வாட்சைக் கழற்ற விடவில்லை. "நீ வாங்கிக் குடுத்தது, கெடக்கட்டும்" என்கிறார். நானா வாங்கிக் கொடுத்தேன்?

ஏப்ரல் 19, சனி

வாட்ச் நின்றுவிட்டது.

பழுது இல்லை. அதற்குப் பேட்டரி கிடையாது. கட்டியிருக்கிறவர் கை அசைய அசையத்தான் உள்ளே இருக்கிற சுருள் முறுகி ஓடும். இவர் கை அசையவில்லை. ஆள் இருக்கிறார், மூச்சு இருக்கிறது, என் பேரைச் சொல்கிறார், கையிலிருக்கும் வாட்ச் நின்றுவிட்டது. நர்ஸ் பார்த்துவிட்டாள். இவர் பார்ப்பதற்குள் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

என் கையில் கட்டிக்கொண்டேன். சரியாக இருந்தது. கட்டிக்கொண்டு சப்பாத்தி மாவைப் பிசைந்தேன். யார் சாப்பிடப் போகிறார்கள்? ஆனாலும் பிசைந்தேன். பாத்திரம் துலக்கினேன். துணிகளை மடித்தேன். முள் ஓட ஆரம்பித்தது. நேரத்தைத் திருத்தி, கொண்டுபோய் இவர் கையில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

தினமும் இதே வேலையாகிவிட்டது. இவர் தூங்குகிற நேரம் கழற்றிக்கொள்வேன். வாட்சைக் கட்டிக்கொண்டு வீடு பெருக்குவேன், தோசைக்கல்லைத் தேய்ப்பேன், சுத்தமாக இருக்கிற ஜன்னலையே திரும்பத் துடைப்பேன். விழிப்பதற்குள் திரும்பப் போட்டுவிடுவேன்.

ஹாரியட் பின்வாசல் வழியாக வந்துவிட்டாள். வண்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக் கட்டில் இறக்கியதை அன்றைக்கே பார்த்திருக்கிறாள். மாவுக் கையும் நீல வாட்சுமாக நான் நின்றேன். எதற்கு மறைக்க, எல்லாவற்றையும் சொன்னேன். அக்டோபர் விஷயத்தையும் சொன்னேன்.

கிழவி நாற்காலியில் உட்கார்ந்து தன் பிளாஸ்டிக் வாட்சைத் தடவிக்கொண்டே சொன்னாள். "பிராங்க் கடைசியா படுத்திருந்தப்ப, மாத்திரை நேரம் பாக்க வீட்டுல யார் கையிலயும் வாட்ச் இல்ல. மருந்து வாங்கப் போன எடத்துல இதையும் வாங்கினேன். அப்புறம் கழட்ட மனசு வரல."

இதைப் பார்த்துத்தான் இத்தனை வருஷம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அவள் சப்பாத்தியைத் தேய்த்துக் கொடுத்தாள், நான் சுட்டேன். வட்டமாக ஒன்றுகூட வரவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

குணசீலனுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். சட்டைக் கை பொத்தான் போட்டு மூடியிருந்தது. "ஏன் மருதப்பா எனக்குக்கூடச் சொல்லல?" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"டயட்டுல இருந்தேன்டா" என்றார் இவர்.

குணசீலன் கைக்கு அந்த வாட்ச் எப்படி வந்தது என்பதைச் சொல்லக் கூடாது என்று இவர் என்னிடம் முன்பே சத்தியம் வாங்கிவிட்டார். சொல்லவில்லை. போகும்போது இவர் அவரைக் கூப்பிட்டு, "கையக் காட்டு" என்று பொத்தானைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். "ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார்.

மே 3, சனி

காலையில் போய்விட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே 21, புதன்

கிளப்பிலிருந்து வெள்ளைப் பூங்கொத்து. அட்டையில் மார்ட்டி என்று போட்டிருக்கிறது. கானரும் ஒன்று அனுப்பியிருந்தான்.

இவர் சட்டைகளைப் பெட்டியில் கட்டினேன். வாட்சை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், கழற்றிய கண்ணிகள் அதே சின்னப் பையில். ஓடவில்லை. அதைக் கட்டிக்கொண்டு பாத்திரம் துலக்க இப்போது என்னால் முடியவில்லை.

பாங்க், இன்சூரன்ஸ், லைசென்ஸ், கிளப், எல்லா இடத்திலும் இவர் பேரை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பருத்திச் சேலை. காதில் எதுவும் போடவில்லை. கடைக்குப் போனேன். வாட்சைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்று கானர் நினைத்துவிட்டான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

"பேர் பதியணும்" என்றேன்.

"உங்களுக்கா மேடம்?"

"அவருக்கு."

அவன் கணினியை அருகில் இழுத்தான். "எந்த வாட்சுக்கு?"

"உங்ககிட்ட எது வர்றதுக்கு ரொம்ப வருஷம் ஆகும்?"

யோசித்தான். "ஒண்ணு இருக்கு. பத்து வருஷம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்."

"அதைப் போடு. முறை வந்துடுச்சுன்னு யாரும் போன் பண்ண வேண்டாம். வந்தா அடுத்த ஆளுக்குக் குடுத்துடு. பேர் மட்டும் இருக்கட்டும்."

இந்தக் கடையில் இதற்கு அனுமதி உண்டா என்று எனக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. பிறகு விரல்களைக் கணினியில் வைத்து, "டாக்டர் மார்ட்டி..." என்று ஆரம்பித்தான்.

"மார்ட்டி வேண்டாம். மருதப்பன்னு போடு" என்றேன்.

எப்படி எழுத வேண்டும் என்று கேட்டான். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.